கிச்சனை இடிக்காமல் பழைய ஷட்டர்களையே புதுசாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் அம்மா வீடு, வேளச்சேரியில் எங்கள் வீடு, அண்ணா நகரில் தங்கை வீடு. இந்த மூன்று சமையலறைகளிலும் ஷட்டர்களை (அலமாரிக் கதவுகளை) கழற்றி, கழுவி, தேய்த்து, பூசி, திரும்ப மாட்டியிருக்கிறேன். சொந்தக்காரர்களும் அபார்ட்மென்ட்காரர்களும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் ஆசாரியும் இல்லை, பெயிண்டரும் இல்லை. பூசிய கதவுகளோடு வருடக்கணக்கில் சமைத்து, எது நின்றது, எது உரிந்தது என்று பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

கிச்சன் பார்க்கவே பழசாக இருக்கிறது. முழுக்க மாற்றணுமா, புதுப்பித்தால் போதுமா?

முதலில் ஸிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள். வீட்டிலேயே அதிகம் நனையும் இடம் அதுதான், அது சரியாக இருந்தால் மற்றது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அடிப்பலகையையும் பக்கப்பலகையின் கீழ் ஓரத்தையும் திருப்புளி முனையால் லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் தைரியமாகப் புதுப்பிக்கலாம். பொதபொதவென்று உள்ளே போனாலோ, ஓரம் ஊதிப் பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, அந்த ஒரு பலகையை மாற்ற வேண்டியிருக்கும். அந்த ஒரு பலகைக்காக மொத்தத்தையும் இடித்துப் போடத் தேவையில்லை, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 80களிலும் 90களிலும் கட்டிய பல ஃபிளாட்டுகளில் கடப்பா கல் தட்டுக்கு முன்னால் தேக்குச் சட்டம் அடித்துத் தேக்கு ஷட்டரே போட்டிருப்பார்கள். இன்றைக்கு அந்த மரத்தை அந்த விலைக்கு வாங்கவே முடியாது. எண்ணெய்ப் பிசுக்கும் கறுத்துப்போன வார்னிஷும்தான் அதை அசிங்கமாகக் காட்டுகின்றன. அதைக் கழற்றிப் பழைய மரக்கடைக்குப் போட்டுவிட்டு, தண்ணீர் பட்டால் ஊதும் துகள் பலகையை வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

என் ஷட்டர் எதனால் ஆனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான். என்ன பொருள் என்று தெரியாமல் வாங்கும் பெயிண்ட் எல்லாம் வீண்.

ஒரு ஷட்டரைக் கழற்றி அதன் ஓரத்தையும், ஹிஞ்ச் உட்காரும் வட்டக் குழியையும் பாருங்கள். அந்தக் குழிக்குள் யாரும் எதையும் பூசுவதில்லை, அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அப்படியே தெரியும். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். மரத்தூளைப் பிசைந்து அழுத்தியது போல, பழுப்பாக, ஒரே சீராக இருந்தால் எம்.டி.எஃப். சின்னச் சின்னச் சீவல் துண்டுகள் ஒட்டியிருப்பது போலத் தெரிந்தால் பார்ட்டிக்கிள் போர்டு. முகப்பில் ஓடும் ரேகை ஓரத்திலும் தொடர்ந்து வந்தால் அது முழு மரம்.

பிளைவுட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்பது அடுத்த விஷயம். பெரும்பாலும் மைக்காதான் (கடையில் சன்மைக்கா, லேமினேட் என்றும் சொல்வார்கள், எல்லாம் ஒன்றே). ஒரு மில்லிமீட்டர் தடிமன், நகத்தால் தட்டினால் கணீரென்று கடினமான சத்தம் வரும். தேக்கு வெனீர் என்றால் மரம் மாதிரியே இருக்கும், ஆனால் அந்தத் தேக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பாதிதான் இருக்கும். இதை முழுத் தேக்கு என்று நினைத்து மெஷின் வைத்துத் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் அடியில் இருக்கும் பிளைவுட் தெரிந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. முகப்பு, ஓரம் எல்லாம் ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே பிளாஸ்டிக் தோல் போல வளைந்து வந்து பின்பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தால் அது மெம்பரேன் ஷட்டர், அதாவது எம்.டி.எஃப். மேல் பி.வி.சி. படலம். அதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

தேக்கின் மேல் ஏற்கெனவே என்ன பாலிஷ் இருக்கிறது என்று தெரியவில்லை. பரவாயில்லையா?

தெரிந்தால் நல்லது. ஷட்டரின் பின்பக்கம் ஒரு மூலையில் ஆல்கஹால் கலந்த கை சானிடைசர் ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ், பழைய ஃபிரெஞ்ச் பாலிஷ். அசையவில்லை என்றால் இன்னொரு இடத்தில் என்.சி. தின்னர் (பெயிண்ட் கடையில் கிடைக்கும் லாக்கர் கரைப்பான்) ஒரு துளி. அதில் கரைந்து வழவழப்பானால் லாக்கர் பாலிஷ். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்), அதாவது கெமிக்கல் கலந்து இறுகிய பாலிஷ். அது கரையாது, தேய்த்துத்தான் எடுக்கணும். அரக்குப் பாலிஷ் பார்க்க அழகுதான், ஆனால் அடுப்பங்கரைக்கு உகந்தது இல்லை. ஈர டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும், சூட்டில் இளகும். அதனால் சமையலறையில் அதை எடுத்துவிட்டு வேறு பூசுவதுதான் சரி.

எந்த மாதத்தில் ஆரம்பிப்பது?

தை பிறந்த பிறகு. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய சென்னையில் இந்த வேலைக்கு நல்ல காலம். பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்று மார்கழியில் ஆரம்பிப்பவர்கள் நிறைய. காலைப் பனியும் மழை விட்டுப்போன ஈரமும் சுவரிலேயே இருக்கும்போது பூசினால் காயவே காயாது, அவசரத்தில் ஈரத்தோடு மாட்டுவார்கள், கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது தொடவே வேண்டாம். ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் பால் தெளித்தது போல் வெளுத்துப்போகும். கத்திரி வெயிலில் வேறு பிரச்சினை. பிரஷ் இழுப்பதற்குள் பெயிண்ட் இறுகிக் கோடு கோடாக நிற்கும்.

அந்த நல்ல மாதங்களிலும் காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் பூசிவிடுங்கள். மதியத்துக்கு மேல் கடல் காற்று உள்ளே வந்தால் ஈரமும் கூடவே வரும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

கழுவுவதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? துணியால் துடைத்துவிட்டுப் பூசக் கூடாதா?

கூடாது. வேளச்சேரி வீட்டில் முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மைக்கா மேல் நேராக எனாமல் அடித்தேன். ஒரு வாரம் பளபளவென்று இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். நாலாவது மாதம் அடுப்புக்கு மேல் இருந்த இரண்டு கதவுகளில் நகம் பட்ட இடத்திலிருந்து வெங்காயத் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தது. உரிந்த துண்டின் பின்பக்கத்தைத் தொட்டால் எண்ணெய் கையில் ஒட்டுகிறது. அத்தனை வேலையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க நான்கு நாள் ஆனது.

நம் சமையலில் தினமும் தாளிப்பு, வாரத்துக்கு இரண்டு முறையாவது அப்பளமோ வடையோ. அந்த எண்ணெய்ப் புகை ஷட்டர் மேல் படிந்து, சூட்டிலும் காற்றிலும் இறுகி, பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. அது வெறும் தண்ணீருக்கும் போகாது, உப்புத்தாளுக்கும் போகாது. கழுவாமல் உப்புத்தாள் போட்டால் இன்னும் மோசம், எண்ணெயை மரத்துக்குள்ளேயே அழுத்தித் தேய்த்துவிடுவோம். அதனால் வரிசை மாறக் கூடாது: முதலில் கழுவுவது, பிறகு தேய்ப்பது.

மைக்கா ஷட்டராக இருந்தால் ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஸ்கிரப்பரால் தேயுங்கள். கைப்பிடியைச் சுற்றியும், மேல் ஷட்டர்களின் கீழ் விளிம்பிலும் இரண்டு தடவை. குக்கர் ஆவியும் தாளிப்புப் புகையும் முதலில் போய் முட்டுவது அந்த விளிம்பில்தான். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் காய்ந்த பிறகு வெள்ளைப் பூத்து நிற்கும், அதன் மேலும் பெயிண்ட் பிடிக்காது.

தேக்குக்குச் சோடா வேண்டாம். சோடாவின் காரம் பட்டால் மரம் கறுக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் டர்பென்டைன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள் கறை வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். அம்மா வீட்டில் 14 ஷட்டருக்குப் பழைய வேட்டி ஒன்று முழுசாகக் காலி ஆனது.

சரியாகக் கழுவியாயிற்றா என்று பார்க்க, தண்ணீரை விரலால் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. மெல்லிய படலமாகப் பரவினால் போதும்.

உப்புத்தாள் எந்த நம்பர்?

முழுத் தேக்கில் பழைய வார்னிஷை எடுக்க 120, பிறகு 180, கடைசியில் 220. எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது, பாலிஷ் போட்டதும் அத்தனையும் தெரியும். வெனீர் என்றால் கையால் மட்டும், 220 மட்டும். மைக்காவுக்கு 180 அல்லது 220, அதன் பளபளப்பு போய் ஒரே மாதிரி மங்கலாகும்வரை. ஒரு சின்ன இடத்தில்கூடப் பளபளப்பு மிஞ்சியிருக்கக் கூடாது. பூச்சுகளுக்கு நடுவில் 320.

தேக்குத் தூள் சிலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் கொண்டுவரும். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, முழுக்கை சட்டையோடு செய்யுங்கள்.

எங்கள் ஷட்டரில் 20 வருடத்துக்கு முந்தைய எனாமல் பெயிண்ட் இருக்கிறது. தேய்க்கலாமா?

இதில் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதுவும் மஞ்சள், சிவப்பு, பச்சை மாதிரி அடர்ந்த நிறங்களில், ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரொம்பக் கெடுதல். உலர்ந்த உப்புத்தாள், மெஷின், ஹீட் கன் எதுவும் வேண்டாம். வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை) தண்ணீரில் நனைத்து ஈரத்திலேயே தேயுங்கள், வழியும் சேற்றைத் துணியில் ஒற்றிக் கவரில் கட்டுங்கள், வேலை முடியும்வரை குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதை முழுசாக எடுக்கவே வேண்டாம், ஈரத்தில் லேசாக மங்கலாக்கி அதன் மேலேயே பூசலாம்.

மைக்கா மேல் பெயிண்ட் நிற்குமா, நிற்காதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நிற்கும், நடுவில் பிரைமர் இருந்தால். மைக்காவில் நுண்துளையே கிடையாது, மரம் மாதிரி அது பெயிண்ட்டை உறிஞ்சாது. சாதாரண உட் பிரைமர் மரத்துக்குச் செய்தது, மைக்காவில் பிடிக்காது. வழவழப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே வரும் பிரைமர் அல்லது இரண்டு டப்பா கலந்து பூசும் எப்பாக்ஸி பிரைமர் கேளுங்கள். டப்பாவில் லேமினேட் அல்லது டைல்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். கடைக்காரர் எதுவானாலும் பிடிக்கும் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

மொத்த வீட்டுக்கும் இறங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு ஷட்டரின் பின்பக்கத்தில் கை அளவு இடத்தில் எல்லாப் பூச்சும் போட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு பிளேடால் பின்னல் கட்டம் போலக் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் அந்தப் பிரைமர் உங்கள் மைக்காவுக்கு ஆகாது. வராவிட்டால் நிம்மதியாக ஆரம்பிக்கலாம். இரண்டாவது முறை நான் இப்படிச் சோதித்துவிட்டுத்தான் செய்தேன், அடுப்புக்கு மேல் இருக்கும் அதே இரண்டு கதவுகள் இன்றுவரை உரியவில்லை.

பழைய மைக்கா மேலேயே புது மைக்கா ஒட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஒட்டலாம், ஆனால் ஓரம் சீவுவதற்கு டிரிம்மர் மெஷினும் பழகிய கையும் வேண்டும். அதை ஆசாரியிடம் விட்டுவிடுங்கள்.

தேக்குக்குக் கடைசிப் பூச்சாக எது நல்லது?

வீட்டிலேயே செய்பவர்களுக்கு ஒற்றை டப்பா பி.யு. வார்னிஷ், சாட்டின் (லேசான பளபளப்பு) வகை. ஆசாரிகள் போடும் இரண்டு டப்பா பி.யு. இன்னும் கெட்டி, ஆனால் அதிலிருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாய்க்கு ஆகாது, ஸ்பிரே செய்தால் இன்னும் ஆபத்து. மெலமைன் காயும்போது ஃபார்மால்டிஹைட் வாடை கண்ணை எரிக்கும். குடியிருக்கும் ஃபிளாட்டுக்குள் அது இரண்டும் வேண்டாம் என்பது என் முடிவு.

தேக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதற்குள்ளேயே இயற்கையான எண்ணெய் இருக்கிறது, கரையான் அண்டாமல் இருப்பதற்கு அந்த மரச்சத்துகளும் ஒரு காரணம். ஆனால் அதே எண்ணெய் வார்னிஷைக் காயவிடாமல் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும். கடைசி உப்புத்தாள் போட்டதும் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் பூச்சைப் போட்டுவிடுங்கள். இன்றைக்குத் துடைத்துவிட்டு நாளைக்குப் பூசினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

டப்பாவைக் குலுக்காதீர்கள், குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் வரும் நுரை அப்படியே கதவில் கொப்புளமாகக் காயும். மூன்று மெல்லிய பூச்சு போதும், முதல் பூச்சில் கொஞ்சம் டர்பென்டைன் கலந்து இளக்கிக்கொள்ளலாம். அம்மா வீட்டில் இரண்டாவது பூச்சு இழுத்தபோது அந்தத் தேக்கின் தேன் நிறம் எழும்பி வந்தது. 30 வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடிய அம்மாவே, இது நம் கதவுதானா என்று கேட்டார்.

ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், இது உண்மை. விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் முக்கிப் பிறகு தூக்கிப் போடுங்கள்.

பிரஷ்ஷா, ரோலரா, ஸ்பிரேயா?

பெயிண்ட்டுக்கு 4 இஞ்ச் ஃபோம் ரோலர், மூலைகளுக்கு மட்டும் பிரஷ். வார்னிஷுக்கு 2 இஞ்ச் நல்ல பிரஷ், புது பிரஷ்ஷை முதலில் உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி உதிரும் முடியை எடுத்துவிடுங்கள். ஃபிளாட்டில் ஸ்பிரே வேண்டாம், தூறல் பக்கத்து வீட்டுக் கொடித்துணியில் போய் உட்காரும்.

மொட்டை மாடி இடம் தாராளமாகத் தெரியும், ஆனால் அங்கே தூசியும் நேர் வெயிலும். அதைவிடக் கார் பார்க்கிங் அல்லது நிழலான பால்கனி நல்லது. தரையில் நாலு பழைய டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் ஷட்டரைப் படுக்கவைத்துப் பூசினால் வழியாது. முதலில் பின்பக்கம், அது காய்ந்ததும் முன்பக்கம்.

குழி, கீறல் நிரப்ப மரத்துக்கான பட்டி மட்டும். சுவர்ப் பட்டிப் பவுடர் மீந்திருக்கிறதே என்று அதைப் பூசாதீர்கள், மரம் அசையும்போது அது வெடித்துக் கொட்டிவிடும்.

மெம்பரேன் ஷட்டரில் அடுப்புப் பக்கம் படலம் உரிகிறது. ஒட்டலாமா?

சூட்டில் பசை விட்டுப்போனது, திரும்ப ஒட்டினாலும் சில மாதங்களில் வரும். ஹேர் டிரையரால் சூடுகாட்டி முழுப் படலத்தையும் உரித்துவிட்டு, மிச்சப் பசையைச் சுரண்டி, எம்.டி.எஃப். பலகைக்குப் பிரைமர் போட்டுப் பெயிண்ட் அடியுங்கள். ஓரங்கள் பஞ்சு மாதிரி உறிஞ்சும், அங்கே மட்டும் இரண்டு மூன்று முறை பிரைமர் போடணும்.

வெள்ளத்தில் நனைந்த கீழ் அலமாரிகளைக் காப்பாற்ற முடியுமா?

2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடுகளில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. பார்ட்டிக்கிள் போர்டும் எம்.டி.எஃப்.-பும் ஊதிவிட்டால் காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது, பலமும் போய்விடும். அதன் மேல் பணம் போடாதீர்கள். தேக்கு பிழைக்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டும் (மரைன் பிளைவுட்) பெரும்பாலும் பிழைக்கும், ஐ.எஸ். 303 முத்திரையில் வரும் எம்.ஆர். பிளைவுட்டை ஈரம் தாங்கும் வகை என்று சொன்னாலும் தண்ணீரில் நின்றால் அடுக்கு பிரியும். சேற்றைக் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் நிறுத்திவைத்து, வாரக்கணக்கில் காயவிடுங்கள். வெயிலில் வைத்த தேக்கு ஷட்டர் வளைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். காய்ந்தபின் கரையான் மண்கோடும், உளுத்து மாவு கொட்டும் சின்னத் துளைகளும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மருந்து அடித்த பிறகுதான் பெயிண்ட்.

சமையலறைக்குள் தின்னரை வைத்து வேலை செய்வது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான், அதனால்தான் ஷட்டர்களை வெளியே கொண்டுபோகச் சொல்கிறேன். ஆனால் சுவரோடு இருக்கும் சட்டங்களை உள்ளேயேதான் பூசியாக வேண்டும். அன்றைக்கு சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி சிலிண்டரைப் பால்கனிக்கு மாற்றுங்கள். நம் வீடுகளில் நிறையப் பேருக்குச் சாமி அலமாரியும் சமையலறையிலேயே இருக்கும், விளக்கும் ஊதுவத்தியும் அன்று வேறு அறையில். ஃபிரிட்ஜ் உள்ளேயே இருந்தால் ஆரம்பிப்பதற்கு முன்பே அணைத்துவிடுங்கள், அது தானாக ஓட ஆரம்பிக்கும்போது பொறி வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும். என்95 மாஸ்க் தூளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேறு. தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மிச்சத் தின்னரை ஸிங்க்கில் ஊற்றக் கூடாது.

தண்ணீர் கலந்த பி.யு. எனாமல் இப்போது எல்லாப் பெரிய கம்பெனியிலும் வருகிறது. வாடை குறைவு. அதோடு, வெள்ளை நிற எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகிவிடும், தண்ணீர் கலந்தது அப்படி ஆகாது. வெள்ளை பூசுபவர்கள் இதையே வாங்குங்கள்.

அத்தனை நாள் எப்படிச் சமைப்பது?

ஷட்டர் இல்லாமல் சமைக்க ஒரு தடையும் இல்லை, பாத்திரம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். முதலில் மேல் வரிசை, அது மாட்டிய பிறகு கீழ் வரிசை என்று இரண்டாகப் பிரியுங்கள். சட்டம் பூசும் இரண்டு நாள் மட்டும் இண்டக்ஷன் அடுப்பை ஹாலுக்குக் கொண்டுபோங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே செய்பவர்களுக்கு மொத்தம் மூன்று, நான்கு வார இறுதிகள் ஆகும்.

எந்த ஷட்டர் எங்கே என்று குழம்பாமல் இருக்க?

ஹிஞ்ச் குழிக்குள் பேனாவால் நம்பர் எழுதி அதன் மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். வெளியே எழுதினால் பெயிண்ட்டில் மறைந்துவிடும். எல்லாம் ஒரே அளவாகத் தெரியும், ஆனால் பழைய வீட்டில் ஒரு கதவு இன்னொன்றின் இடத்தில் உட்காரவே உட்காராது. ஸ்க்ரூக்களுக்குப் பழைய இட்லித் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு குழிக்கு ஒரு ஷட்டர்.

ஹிஞ்ச், கைப்பிடி மாற்ற வேண்டுமா?

கடற்கரைப் பக்கம் என்றால் துரு பிடித்திருக்கும், எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத ஸ்டீல்) ஹிஞ்ச் வாங்குங்கள். குழி 35 மி.மீ. என்றால் புதுசு அப்படியே உட்காரும். கைப்பிடிக்கு இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து (96, 128, 160 மி.மீ. என்று வரும்) அதே அளவு வாங்கினால் புதிதாகத் துளை போட வேண்டாம். ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால், ஓட்டையில் மரப்பசை தோய்த்த தீக்குச்சிகளைத் தலை கிள்ளிவிட்டுச் செருகி, மறுநாள் முறுக்குங்கள். ஓட்டையே பிய்ந்துபோயிருந்தால் அதன் மேல் வைத்துத் திருகும் ஸ்டீல் ரிப்பேர் பிளேட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பிளைவுட், மைக்கா, ஹிஞ்ச் எல்லாம் ஒரே தெருவில் பார்த்து வாங்க பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோடு போங்கள், பழைய ஹிஞ்ச் ஒன்றைக் கையில் கொண்டுபோனால் பேச்சே தேவையில்லை.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

ஒன்றரை அடிக்கு இரண்டரை அடி ஷட்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஏழரை சதுர அடி. பத்து ஷட்டர் என்றால் 75, இரண்டு பூச்சுக்கு 150. சட்டங்களையும் சேர்த்து 2 லிட்டர் வாங்கினால் மீதம் இருக்கும், அந்த மீதம் பின்னால் கீறல் விழும்போது தொட்டுவைக்க உதவும்.

என்ன நிறம், என்ன பளபளப்பு?

நிறம் உங்கள் இஷ்டம். மங்கலான மேட் மட்டும் வேண்டாம், மஞ்சள் தூள் கை பட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். சாட்டின் துடைக்கச் சுலபம்.

வாடகை வீடு. ஏதாவது செய்யலாமா?

வீட்டுக்காரரைக் கேட்காமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஆனால் மேலே சொன்ன மாதிரி கழுவி, கைப்பிடியை மட்டும் மாற்றிப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பழைய கைப்பிடிகளைப் பத்திரமாக வைத்திருந்து காலி செய்யும்போது மாட்டிக்கொடுத்துவிடலாம்.

பூசி முடித்தாயிற்று. எப்போது மாட்டுவது, எப்போது பேப்பர் விரித்துச் சாமான் அடுக்குவது?

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் காய்ந்துவிட்டது என்பதும் வேறு வேறு. மேலே காய்ந்தாலும் உள்ளே இறுக நாள் எடுக்கும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நான்கு நாள் விட்டு மாட்டுங்கள், சட்டத்தில் கதவு முட்டும் இடத்தில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டுங்கள், முதல் வாரம் முழுக்க இரவில் கதவுகளைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். ஹிஞ்ச்சில் இருக்கும் ஸ்க்ரூக்கள் பக்கவாட்டு, முன்பின், மேல்கீழ் என்று கதவை நகர்த்தும், இடைவெளி சமமாக வரும்வரை கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். ஈரத்துணி இரண்டு வாரத்துக்கு வேண்டாம், ஸ்கிரப்பர் எப்போதுமே வேண்டாம். உள் தட்டுகளையும் பூசியிருந்தால் நியூஸ் பேப்பர் விரிக்க மூன்று வாரமாவது பொறுங்கள். தங்கை வீட்டில் பத்தாவது நாளே பேப்பர் போட்டு அரிசி டின்னை ஏற்றினோம். அந்தத் தட்டில் அன்றைய பேப்பரின் தலைப்புச் செய்தியை இப்போதும் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிப் படிக்கலாம். அதை எடுக்க அந்தத் தட்டை மட்டும் மறுபடி 220 போட்டுத் தேய்த்துப் பூச வேண்டியிருக்கிறது, அடுத்த தைக்கு வைத்திருக்கிறோம்.